வளர்ந்துவரும் கால்பந்து கிளப் தன் மேனேஜரையும் வீரர்களையும் தக்கவைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய கிளப் ஒன்று இரண்டு சீசன் நன்றாக ஆடினால் போதும், மூன்றாவது கோடையில் பெரிய கிளப்புகள் வாசலில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் உள்ளே என்னென்ன நடக்கிறது, எது தவறிப்போகிறது என்பதுதான் இங்கே. உதாரணங்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து, குறிப்பாக அங்குள்ள பிரைட்டன் கிளப்பிலிருந்து. தொகைகள் செய்திகளில் வெளியானவை. 1 கோடி பவுண்டு என்றால் 10 மில்லியன் பவுண்டு.

கிளப் மேலே ஏறியதும் ஆட்கள் ஏன் கிளம்பிவிடுகிறார்கள்?

முதல் காரணம் சம்பளம். லீக் பட்டியலில் ஏழாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் உள்ள தூரம் சில புள்ளிகள்தான். சம்பளப் பட்டியலில் அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. இரண்டாவது காரணம் ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் ஆடும் சாம்பியன்ஸ் லீக். 25 வயது வீரருக்கு உச்சக் காலம் இன்னும் ஐந்தாறு ஆண்டுகள்தான், அதைக் காத்திருப்பில் கழிக்க அவர் விரும்புவதில்லை.

2014 கோடையில் சவுத்தாம்ப்டனுக்கு நடந்ததை இப்போதும் எடுத்துச் சொல்வார்கள். எட்டாம் இடத்தில் முடித்த அணி அது. மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) பொச்செட்டினோ டாட்டன்ஹாமுக்குப் போனார். லல்லானா, லோவ்ரன், லம்பர்ட் மூவரும் லிவர்பூலுக்கு, லூக் ஷா மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு, சேம்பர்ஸ் ஆர்செனலுக்கு. எல்லாம் ஒரே கோடையில். அடுத்த சீசனில் அந்த அணி கீழே விழும் என்றார்கள், ஏழாம் இடத்தில் முடித்தது.

அப்படியானால் தக்கவைப்பது என்பதே நடக்காத காரியமா?

நிரந்தரமாக வைத்துக்கொள்வது நடக்காது. போகும் தேதியையும் விலையையும் கிளப் முடிவுசெய்வது நடக்கும். இந்தத் தொழிலில் தக்கவைப்பது என்று சொல்வது இதைத்தான். ஒரு வீரரைச் சில மாதம் கூடுதலாக வைத்திருந்தால் கிடைப்பது என்ன என்பதற்கு மொய்சேஸ் கைசெடோவைவிடத் தெளிவான கணக்கு கிடையாது.

ஈக்வடாரின் இண்டிபெண்டியென்டே டெல் வாயே கிளப்பிலிருந்து 2021 பிப்ரவரியில் சுமார் 45 லட்சம் பவுண்டுக்கு பிரைட்டன் அவரை வாங்கியது. 2023 ஜனவரியில் ஆர்செனல் 7 கோடி வரை தருவதாகக் கேட்டது. அவரும் போக விடுங்கள் என்று இன்ஸ்டாகிராமில் வெளிப்படையாக எழுதினார். கிளப் மறுத்தது. மார்ச்சில் அதே வீரர் 2027 வரை புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஆகஸ்டில் செல்சி 10 கோடியும், மேற்கொண்டு 1.5 கோடி வரையும் தர ஒப்புக்கொண்டது. ஏழு மாதம் தாமதித்ததில் 3 கோடிக்குக் குறையாத லாபம். அந்த ஏழு மாதமும் அவர் நடுக்களத்தில் ஆடினார், அணி ஆறாம் இடம் பிடித்துத் தன் வரலாற்றில் முதல் முறையாக ஐரோப்பியப் போட்டிக்குப் போனது.

வீரரின் ஒப்பந்தத்தை எப்போது புதுப்பிக்க வேண்டும்?

மீதி இரண்டு ஆண்டுகள் இருக்கும்போது. அதற்குள் பேச்சு முடியவில்லை என்றால் அந்தக் கோடையிலேயே விற்கும் முடிவுக்கு வர வேண்டும். கடைசி ஆண்டுக்குள் நுழைந்துவிட்டால் பேரம் பேசும் பலம் முழுக்க வீரர் பக்கம் போய்விடும். ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தத்தில் ஆறு மாதமே மீதி என்றால் வேறு கிளப்போடு அவர் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஜூனில் முடியும் ஒப்பந்தம் என்றால் ஜனவரி 1 முதலே வெளிநாட்டுக் கிளப்புகள் வெளிப்படையாக வரிசையில் நிற்கும். ஜெர்மனியின் லெவர்குசென் கிளப்பின் யோனாதன் டா 2025-ல் பயர்னுக்குப் போனபோது ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது, விற்ற விலை என்று சொல்லும்படி பெரிய தொகை எதுவும் வரவில்லை.

நாள்காட்டி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. புதிய வீரர் சேர்ந்து 12 முதல் 18 மாதத்துக்குள், அவர் நிலையாக ஆடத் தொடங்கியதுமே, முதல் உயர்வைக் கிளப்பே கொண்டுபோய் வைக்க வேண்டும். ஏஜென்ட் வந்து கேட்கும்வரை காத்திருந்தால் எண் வேறாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பேச்சுக்கு நல்ல காலம். டிரான்ஸ்பர் விண்டோ (வீரர்களை வாங்கி விற்க அனுமதி உள்ள காலம்) மூடியிருக்கும், வதந்தி குறைவு. மே மாதத்தில் தொடங்கினால் ஏஜென்டின் மேசையில் ஏற்கெனவே நான்கு கிளப் இருக்கும்.

ஒப்பந்தத்தில் கிளப் விரும்பினால் ஓராண்டு நீட்டிக்கலாம் என்ற விதியைச் சேர்ப்பது வழக்கம். அது ஆபத்துக்கு உதவும், நோயைத் தீர்க்காது. லியாண்ட்ரோ ட்ரொசார்டின் ஒப்பந்தம் 2023 கோடையில் முடிய இருந்தது. பிரைட்டன் அந்த விதியைப் பயன்படுத்தி 2024 வரை நீட்டியது. ஆனால் புதிய ஒப்பந்தம் அமையவில்லை, மேனேஜரோடு உரசல் வந்தது, 2023 ஜனவரியில் சுமார் 2 கோடிக்கு ஆர்செனலுக்குக் கொடுக்க வேண்டிவந்தது. ஒப்பந்தத்தில் மூன்றாண்டு மீதி இருந்திருந்தால் அந்த விலைக்கு அவர் கிடைத்திருக்க மாட்டார்.

இளம் வீரர் ஒப்பந்தம் முடிந்து போனால் ஒன்றுமே கிடைக்காதா?

இங்கிலாந்துக்குள்ளேயே போகிறார், வயது 24-க்குக் கீழ் என்றால் கிடைக்கும். நிபந்தனை ஒன்று உண்டு: பழைய கிளப் அவருக்கு முன்பைவிடக் குறையாத ஒப்பந்தத்தை எழுத்தில், குறித்த கெடுவுக்குள் தந்திருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை மறந்த கிளப்புக்கு உரிமை போய்விடும். தொகையில் உடன்பாடு வராவிட்டால் தீர்ப்பாயம் முடிவுசெய்யும். 2015-ல் டேனி இங்ஸ் பர்ன்லியிலிருந்து லிவர்பூலுக்குப் போனபோது 65 லட்சம் பவுண்டும், மேற்கொண்டு நிபந்தனைத் தொகையும், பின்னால் விற்றால் பங்கும் என்று தீர்ப்பு வந்தது. சந்தை விலையோடு ஒப்பிட்டால் குறைவுதான்.

ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் கணக்குப் புத்தகத்தில் என்ன ஆகும்?

இது ரசிகர்கள் அதிகம் கவனிக்காத இடம், நிதி இயக்குநர் முதலில் பார்க்கும் இடம். 2 கோடிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால், அந்தத் தொகை ஆண்டுக்கு 40 லட்சமாகப் பிரித்துச் செலவில் எழுதப்படும். இரண்டு ஆண்டு கழித்து அவருடைய புத்தக மதிப்பு 1.2 கோடி. அப்போது அவரோடு புதிதாக ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டால் அந்த 1.2 கோடி ஐந்தாகப் பிரியும், ஆண்டுச் செலவு 24 லட்சமாகக் குறையும். சம்பள உயர்வின் ஒரு பகுதி இங்கேயே ஈடாகிவிடுகிறது. மறுநாளே 6 கோடிக்கு விற்றால் கணக்கில் லாபம் 4.8 கோடி.

கிளப்பின் சொந்த இளையோர் அகாடமியில் வளர்ந்தவருக்குப் புத்தக மதிப்பே இல்லை. விற்ற தொகை ஏறக்குறைய முழுவதும் லாபம். நிதி விதிகள் இறுகும்போது சொந்த ஊர்ப் பையனைத்தான் முதலில் விற்கிறார்கள் என்று ரசிகர்கள் கோபப்படுவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு. எட்டாண்டு ஒப்பந்தம் போட்டுச் செலவை மெல்லிசாக்கும் வழியை ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ 2023-ல் அடைத்துவிட்டது. ஒப்பந்தம் எத்தனை ஆண்டானாலும் பிரிப்பது ஐந்தாண்டுக்கு மேல் கூடாது. இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கும் அதையே பின்பற்றியது.

ரிலீஸ் கிளாஸ் வைக்கலாமா, கூடாதா?

குறிப்பிட்ட தொகையைக் கொண்டுவரும் கிளப்போடு பேச வீரருக்கு உரிமை தரும் விதி அது. ஸ்பெயினில் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இருக்கும். இங்கிலாந்தில் கட்டாயமில்லை, ஆனால் வளர்ந்துவரும் கிளப்பிடம் கையெழுத்துப் போட ஏஜென்ட் கேட்கும் முதல் விலை இதுதான். முழுக்க மறுத்தால் வீரர் கையெழுத்திட மாட்டார். கவனமில்லாமல் எழுதினால் கிளப் பெரிதாக ஏமாறும்.

அலெக்சிஸ் மக் அலிஸ்டர் 2022 அக்டோபரில் பிரைட்டனுடன் புதிய ஒப்பந்தம் போட்டார். டிசம்பரில் அர்ஜென்டினாவுடன் உலகக்கோப்பை வென்றார். அடுத்த ஜூனில் லிவர்பூல் அவரை எடுத்துச்சென்ற விலை சுமார் 3.5 கோடி, ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விதியால். உலகக்கோப்பை வென்ற நடுக்கள வீரருக்கு அது அடிமாட்டு விலை. அந்த ஒப்பந்தம் இல்லாதிருந்தால் ஆறு மாதத்தில் இதைவிடக் குறைவாகவும் போயிருக்கலாம் என்பது மறுபக்கம்.

எழுதும்போது பார்க்க வேண்டியவை: தொகை ஒவ்வொரு கோடையிலும் ஏறுவதாக இருக்க வேண்டும். பயன்படுத்தும் கடைசித் தேதி, ஆகஸ்ட் நடுவுக்கு முன்பாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் மாற்று தேட நேரம் இருக்காது. எபெரெச்சி எஸேயின் விதி 2025-ல் சீசன் தொடங்குமுன்பே காலாவதியானது. அதன்பின் கிரிஸ்டல் பேலஸ் அவரை விற்றாலும் அது பேலஸின் சம்மதத்தோடுதான் நடந்தது. தவணையா, ஒரே தொகையா என்பதைச் சொல்லாமல் விட்டால் வாங்கும் கிளப் நான்காண்டுத் தவணை கேட்கும். சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் கிளப்புக்கு மட்டும் என்று சுருக்கலாம். கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் மட்டும் உயிர்பெறும் விதியும் உண்டு. இப்ஸ்விச் 2025-ல் இறங்கியபோது லியாம் டிலாப் 3 கோடிக்கு செல்சிக்குப் போனது அப்படித்தான். வாங்கிய விலையைவிட அது அதிகம், ஆகவே அங்கே யாரும் ஏமாறவில்லை.

சம்பளத்தை எவ்வளவு ஏற்றலாம்?

ஒருவருக்காகப் படிக்கட்டை உடைக்கக் கூடாது. அணியில் அதிகம் வாங்குபவருக்கும் அடுத்த நான்கு பேருக்கும் இடையில் இருக்கும் தூரம் எல்லோருக்கும் தெரியும், உடைமாற்றும் அறையில் சம்பள ரகசியம் என்று ஒன்று கிடையாது. ஒருவருக்கு இரண்டு மடங்கு கொடுத்த வாரத்திலேயே நான்கு ஏஜென்ட் தொலைபேசியில் வருவார்கள். அடிப்படைச் சம்பளத்தை மிதமாக ஏற்றிவிட்டு மீதியை ஆடிய ஆட்டங்கள், ஐரோப்பியத் தகுதி, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் தரும் விசுவாசத் தொகை என்று பிரித்துவைப்பது பாதுகாப்பு. வீரரே டிரான்ஸ்பர் கேட்டால் மீதமுள்ள விசுவாசத் தொகை கிடையாது என்றும் எழுத வேண்டும்.

கீழே இறங்கினால் சம்பளம் குறையும் என்ற விதியை எல்லோருடைய ஒப்பந்தத்திலும் சேர்ப்பது கட்டாயம். ஐரோப்பியப் போட்டிக்குப் போகும் கிளப் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: சம்பளம், வாங்கிய செலவின் ஆண்டுப் பங்கு, ஏஜென்ட் கட்டணம் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இப்போதைய யுஇஎஃப்ஏ வரம்பு. ஒரு சீசன் ஐரோப்பாவில் ஆடிய வருமானத்தை நம்பி ஐந்தாண்டுச் சம்பளம் எழுதினால், மறு ஆண்டு தகுதி பெறாதபோது கணக்கு உதைக்கும்.

வீரர் பயிற்சிக்கே வரமாட்டேன் என்று அடம்பிடித்தால்?

முதல் 48 மணி நேரத்தில் மேனேஜரைப் பேச விடாதீர்கள். தலைமை நிர்வாகி ஒருவர் மட்டும், ஒரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். அபராதம் பெரிய ஆயுதமல்ல. இங்கிலாந்தில் வழக்கமான உச்சம் இரண்டு வாரச் சம்பளம், வாங்க நினைக்கும் கிளப் தரப்போகும் உயர்வுக்கு முன்னால் அது சில்லறை.

கைசெடோ விஷயத்தில் பிரைட்டன் செய்தது நல்ல பாடம். ஜனவரி விண்டோ மூடும்வரை விடுப்பில் இருங்கள் என்று அனுப்பிவைத்தது. சண்டை போடவில்லை, கேலி பேசவில்லை, கதவைத் திறக்கவும் இல்லை. விண்டோ மூடியதும் அவர் திரும்பினார், ஆடினார், சம்பளம் உயர்ந்தது. இதில் சொல்லப்படாத ஒரு புரிதல் எப்போதும் இருக்கும்: இப்போது இல்லை, கோடையில் சரியான விலை வந்தால் தடுக்கமாட்டோம். அந்த வாக்கைக் காப்பாற்றும் கிளப் என்று பெயர் எடுத்தால் அடுத்த வீரர் பொறுத்திருப்பார்.

2025 கோடையில் நியூகாசிலில் இசாக்கும் பிரென்ட்ஃபோர்டில் விஸ்ஸாவும் அடம்பிடித்து, இருவரும் கடைசி நாளான செப்டம்பர் 1 அன்றுதான் நகர்ந்தார்கள். இசாக் 12.5 கோடிக்கு லிவர்பூலுக்கு, விஸ்ஸா 5 கோடிக்கு மேல் நியூகாசிலுக்கு. தொகை நன்றாகவே வந்தது. ஆனால் இரு அணிகளும் ஆகஸ்ட் மாத ஆட்டங்களை முன்னணித் தாக்குதல் வீரர் இல்லாமல் ஆட வேண்டியிருந்தது. விலையில் கிடைத்ததை ஆகஸ்டில் இழந்த புள்ளிகளோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

மாற்று வீரரை எப்போது வாங்குவது, விற்ற பிறகா?

விற்பதற்கு ஓராண்டு முன்பு. விற்றபின் சந்தைக்குப் போனால் உங்கள் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், 2 கோடி வீரருக்கு 3.5 கோடி கேட்பார்கள்.

பிரைட்டனின் நடுக்களத்தைப் பாருங்கள். பிசூமாவை 2022-ல் விற்றபோது கைசெடோ ஏற்கெனவே கிளப்பில் இருந்தார், பெல்ஜியத்தின் பியர்ஸ்ஹாட் கிளப்பில் இரவலாக (தற்காலிகமாக அனுப்பப்பட்டு) ஆடித் திரும்பியிருந்தார். ட்ரொசார்ட் போகும்போது இடதுபுறத்தில் மிட்டோமா தயார். அவரும் ஜப்பானிலிருந்து வாங்கி ஓராண்டு பெல்ஜியத்தின் யூனியன் செயின்ட் ஜில்வாஸில் ஆடியவர். 2023-ல் கைசெடோ போனதும் லீல் கிளப்பிலிருந்து 19 வயது பலேபா வந்தார், முதல் ஆண்டு பெரும்பாலும் கற்றுக்கொண்டார், இரண்டாம் ஆண்டு அணியின் தூண் ஆனார். அந்தக் கற்கும் ஆண்டு ஏற்பட்ட பள்ளத்தை மறைக்க முடியாது: 2023-24-ல் அணி 11-ஆம் இடத்துக்கு இறங்கியது. வியாழக்கிழமைகளில் வந்த ஐரோப்பியப் போட்டி ஆட்டங்களும் காயங்களும் அதில் சேர்ந்தன.

முறை எளியது, செய்வதுதான் கடினம். முதல் 11 இடங்களுக்கும் மூன்று பெயர்: ஒருவர் கிளப்பிலேயே, ஒருவர் இரவலில், ஒருவர் வெளியே கண்காணிப்பில். மாதம் ஒருமுறை பட்டியலைத் திருத்த வேண்டும்.

தாமதம் என்ன செய்யும் என்பதற்கு பேலஸ். 2025 செப்டம்பர் 1 அன்று கேப்டன் மார்க் கேஹியை லிவர்பூலுக்கு 3.5 கோடிக்கு அனுப்ப எல்லாம் தயார். மாற்றாக நினைத்த தடுப்பாட்டக்காரர் வரவில்லை, ஆகவே பேச்சு கடைசி மணியில் முறிந்தது. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இருந்த வீரர் அவர். அந்தக் கோடையில் கேப்டன் தங்கினார், 3.5 கோடி போனது.

மேனேஜரின் ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஆண்டு எண்ணிக்கை ஏறக்குறைய அலங்காரம்தான். ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்ட கொம்பனி அடுத்த ஆண்டே, பர்ன்லி கீழே இறங்கிய பிறகும், பயர்ன் மியூனிக்குக்குப் போனார். காப்பது இழப்பீட்டு விதி. அதை எழுதும்போது சீசன் நடுவில் போனால் ஒரு தொகை, கோடையில் போனால் குறைந்த தொகை என்று வேறுபடுத்துங்கள். முன்னறிவிப்புக் காலத்தையும் தனியாக விலைபோடுங்கள். ஸ்போர்ட்டிங் லிஸ்பனிலிருந்து ரூபன் அமோரிம் 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனபோது ஒப்பந்தத்தில் எழுதிய 1 கோடி யூரோவோடு, முன்னறிவிப்பு நாட்களைச் சுருக்குவதற்கு மேலும் 10 லட்சம் வாங்கியது ஸ்போர்ட்டிங். யுனைடெட் கேட்டவுடன் அனுப்பவும் இல்லை. மான்செஸ்டர் சிட்டியை 4–1 என்று வென்ற ஆட்டம் உட்பட மூன்று ஆட்டங்களை முடித்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார்.

உதவியாளர்களுக்குத் தனித்தனி இழப்பீடு எழுத வேண்டும், மேனேஜரின் தொகைக்குள் அடக்கக் கூடாது. பழைய கிளப்பின் வீரர்களை ஓராண்டுக்கு வாங்கமாட்டோம் என்ற உறுதியையும் புதிய கிளப்பிடம் கேட்கலாம். 2012-ல் பிரெண்டன் ராட்ஜர்ஸ் ஸ்வான்சியிலிருந்து லிவர்பூலுக்குப் போனபோது அப்படி ஓர் உடன்பாடு இருந்தது. இருந்தும் ஜோ ஆலன் அதே ஆகஸ்டில் 1.5 கோடிக்குப் போனார், அவர் ஒப்பந்தத்தில் ரிலீஸ் கிளாஸ் இருந்ததால். இரண்டு ஆவணங்களையும் ஒரே வழக்கறிஞர் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

மேனேஜர் போனால் ஒரு கூட்டமே போய்விடுகிறதே?

போகும். 2022 செப்டம்பரில் பிரைட்டன் நான்காம் இடத்தில் இருந்தபோது கிரஹாம் பாட்டர் செல்சிக்குப் போனார். கூடவே உதவிப் பயிற்சியாளர்கள் பில்லி ரீட், பியோர்ன் ஹாம்பெர்க், புரூனோ, கோல்கீப்பர் பயிற்சியாளர் பென் ராபர்ட்ஸ், ஆட்சேர்ப்பிலிருந்து கைல் மெக்காலே. நவம்பரில் ஆட்சேர்ப்புத் தலைவர் பால் வின்ஸ்டன்லியும் அங்கேயே போனார். பிரைட்டனுக்கு இழப்பீடாக 2 கோடிக்கு மேல் கிடைத்தது.

அந்தக் காசைவிட முக்கியம், எது போகவில்லை என்பது. வீரர் தரவுகள், கண்காணிப்புப் பட்டியல், அவற்றை நடத்தும் உரிமையாளர் டோனி ப்ளூம், நிர்வாகி பால் பார்பர் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. 10 நாளில் டி செர்பி நியமிக்கப்பட்டார். வேலை காலியான பிறகு தேடியிருந்தால் 10 நாள் போதாது. மேனேஜர் வெற்றி பெற்றுக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் யார் என்ற பட்டியல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது துரோகமல்ல, மேனேஜரின் ஏஜென்டும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

பொறுமையும் தேவைப்பட்டது. டி செர்பி முதல் ஐந்து ஆட்டங்களில் வெல்லவில்லை. ஆறாவது ஆட்டத்தில் பாட்டரின் செல்சியையே 4–1 என்று தோற்கடித்தார்.

உள்ளேயிருப்பவரை உயர்த்துவதா, வெளியிலிருந்து கொண்டுவருவதா?

பிரென்ட்ஃபோர்ட் உள்ளேயிருந்து எடுக்கும் கிளப். 2018-ல் டீன் ஸ்மித் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனதும் உதவியாளர் தாமஸ் ஃபிராங்க் மேலே வந்தார். முதல் சில வாரங்கள் மோசம், தோல்விமேல் தோல்வி. கிளப் அசையவில்லை, 2021-ல் பிரீமியர் லீக். 2025-ல் ஃபிராங்க் டாட்டன்ஹாமுக்குப் போனதும் ஃப்ரீ கிக், கார்னர் பயிற்சியாளர் கீத் ஆண்ட்ரூஸை அமர்த்தினார்கள்.

எல்லா இடத்திலும் இது பலிக்காது. அமோரிம் போனதும் ஸ்போர்ட்டிங் தன் இரண்டாம் அணிப் பயிற்சியாளர் ஜுவாவ் பெரெய்ராவை உயர்த்தியது. டிசம்பர் முடிவதற்குள் அவரை நீக்கி, ருய் போர்ஜஸைக் கொண்டுவந்தது. தவறை இரண்டு மாதத்துக்குள் ஒப்புக்கொண்டதால் லீக் பட்டம் கைவிட்டுப் போகவில்லை. உள்ளேயிருப்பவர் முதன்மை அணியோடு தினமும் வேலைசெய்தவரா என்பதே என் பார்வையில் முதல் கேள்வி. இரண்டாம் அணியை நடத்தியவருக்கு நட்சத்திர வீரர்கள் புதியவர்கள்தான்.

ஒரே கோடையில் எத்தனை பேர் போனால் தாங்கும்?

முதல் 11-ல் இருவர், மிஞ்சிப்போனால் மூவர், மேனேஜர் இருந்தால். மேனேஜரும் போனால் ஒருவரைக்கூடக் கூடுதலாக விற்காமல் இருப்பது நல்லது. சவுத்தாம்ப்டன் 2014-ல் தப்பியது மானே, டாடிச், பெல்லே என்று வாங்கியதில் பெரும்பாலும் பலித்ததால். அந்த அதிர்ஷ்டம் திரும்பத் திரும்ப வராது. 2016-ல் கூமனும் மானேவும் வன்யாமாவும், 2018 ஜனவரியில் 7.5 கோடிக்கு வான் டைக்கும் போனார்கள். அந்த சீசனில் 17-ஆம் இடம், 2023-ல் இரண்டாம் டிவிஷன்.

லெவர்குசென் இன்னும் அப்பட்டமான கதை. 2024-ல் ஒரு தோல்விகூட இல்லாமல் ஜெர்மன் லீக்கை வென்ற அணி. 2025 கோடையில் மேனேஜர் சாபி அலோன்சோ, விர்ட்ஸ், ஃப்ரிம்போங், டா, ஷாக்கா, கோல்கீப்பர் ஹ்ராடெக்கி எல்லோரும் போனார்கள். புதிதாக வந்த டென் ஹாக் இரண்டே லீக் ஆட்டங்களுக்குப் பின் நீக்கப்பட்டார். புதியவர்கள் திறமையில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. யார் எங்கே நிற்க வேண்டும் என்று பழையவர் புதியவருக்குச் சொல்லித்தர, பழையவர்கள் போதுமான எண்ணிக்கையில் இல்லை. இதனால்தான் விற்பனை மதிப்பு இல்லாத 30 வயதுக்காரர்களுக்கும் நல்ல ஒப்பந்தம் கொடுப்பது. பிரைட்டனில் லூயிஸ் டங்க் செய்வது அந்த வேலை.

வீரர் வாங்குவதில் மேனேஜருக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம்?

மறுக்கும் உரிமை கொடுங்கள், தேர்ந்தெடுக்கும் முழு உரிமை வேண்டாம். சராசரியாக இரண்டு மூன்று ஆண்டு இருப்பவர் ஐந்தாண்டு ஒப்பந்தங்களைத் தேர்ந்தெடுத்தால், அடுத்தவருக்கு உதவாத வீரர்கள் சம்பளப் பட்டியலில் தங்கிவிடுவார்கள். இதில் விலையும் உண்டு: லட்சியம் உள்ள மேனேஜர் சலிப்படைவார். டி செர்பி 2024 மே மாதம் பரஸ்பரச் சம்மதத்தோடு பிரைட்டனைவிட்டு விலகியதற்கு ஆட்சேர்ப்புக் கொள்கையில் இருந்த கருத்து வேறுபாடும் காரணம். கிளப் தன் முறையை மாற்றவில்லை, 31 வயது ஃபாபியன் ஹுர்ஸெலரை அமர்த்தியது, அடுத்த சீசனில் எட்டாம் இடம்.

பணத்தைத் தவிர ஒருவரைத் தங்கவைப்பது எது?

முடிக்காமல் மிச்சமிருக்கும் வேலை. 2024 மார்ச்சில் லிவர்பூலும் பயர்னும் அலோன்சோவைத் தேடியபோது அவர் இன்னும் ஓராண்டு லெவர்குசெனில் இருப்பேன் என்றார், பயிற்சியாளராகத் தான் இன்னும் கற்றுக்கொள்ளும் கட்டத்தில் இருப்பதாகக் கருதினார். இப்ஸ்விச்சை இரண்டே ஆண்டில் மூன்றாம் டிவிஷனிலிருந்து பிரீமியர் லீக்குக்குக் கொண்டுவந்த கீரன் மெக்கென்னாவைப் பெரிய கிளப்புகள் கேட்டன. அவர் 2028 வரை கையெழுத்திட்டார். மறு ஆண்டு 22 புள்ளிகளோடு அணி இறங்கியது, அப்போதும் கிளப் அவரை நீக்கவில்லை. மேனேஜரிடம் கேட்கும் விசுவாசத்தைக் கிளப்பும் காட்டியது அங்கே.

லெஸ்டர் எதிர்ப்பாடம். 2016-ல் பட்டம் வென்றதும் வார்டி ஆர்செனலை மறுத்துத் தங்கினார், மஹ்ரெஸ் தங்கினார், மேனேஜர் ரனியேரி தங்கினார். போன முக்கியமானவர் கான்டே ஒருவர்தான். 2017 பிப்ரவரியில் அணி இறங்கும் விளிம்பில் நின்றது, ரனியேரி நீக்கப்பட்டார். எல்லோரையும் வைத்துக்கொள்வதைவிட யாரை விடவே கூடாது என்று தெரிந்திருப்பது முக்கியம்.

ஒரு கிளப் இதைச் சரியாகச் செய்கிறதா என்று வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது?

முதல் 11 பேரின் ஒப்பந்த முடிவு ஆண்டை எழுதிப்பாருங்கள். மூவருக்கு மேல் இரண்டாண்டுக்கும் குறைவு என்றால் அடுத்த கோடை கடினம். இரவலில் இருப்பவர்கள் எங்கே ஆடுகிறார்கள், கிளப்பின் அதே பாணியில் ஆடும் அணியிலா என்று பாருங்கள். ஆண்டறிக்கையில் வீரர் விற்பனை லாபத்தை நீக்கிவிட்டால் இழப்பு எவ்வளவு என்று பாருங்கள். பிரைட்டன் 2022-23-ல் 12 கோடிக்கு மேல் லாபம் காட்டியது. அதில் பெரும்பகுதி விற்பனையும் பாட்டருக்கான இழப்பீடும். விற்பனை இல்லாவிட்டால் சம்பளம் கொடுக்க முடியாத கிளப் ஜனவரியில் எந்த விலைக்கும் இறங்கிவரும், வாங்குபவர்களும் அந்த ஆண்டறிக்கையைப் படித்துவிட்டுத்தான் தொலைபேசியை எடுக்கிறார்கள்.